பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள்

சகாயமேரி சிஸ்டர் இறந்த செய்தியை எங்கள் மருத்துவமனைக்குச் சொல்ல அவருடைய கணவர் அந்தோணிசாமிக்குத் தெரிந்திருந்த ஒரே எண், எங்கள் தொலைபேசி ஆலோசனை எண். திங்கட்கிழமை காலை அதைத்தான் கூப்பிட்டார். கன்னடத்துக்கு ஒன்றை அழுத்து, தமிழுக்கு மூன்றை அழுத்து என்றது பதிவு செய்த குரல். அழுத்தினார். கொஞ்ச நேரம் வீணை வாசித்துக் காட்டினோம். அப்புறம் வந்த ஊழியர், திரையில் இருந்த முதல் கேள்வியைப் படித்தார்: காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது? மனைவி செத்துப்போனாள் என்று சொல்லக் கூப்பிட்ட மனிதரிடம் நாங்கள் கேட்டது இதுதான்.

அந்த ஊழியரே ஓடிவந்து ஓ.பி.யில் என்னிடம் சொன்னார். நான் எழுந்து நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிஸ்டரை அறிந்த உங்களில் பலருக்கு, மறுநாள் நிர்வாகம் அனுப்பிய இரங்கல் குறிப்பும் வந்திருக்கும். முப்பது வருடத் தன்னலமற்ற சேவை, ஈடு செய்ய முடியாத இழப்பு என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் குறிப்பில் இல்லாததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுதுகிறவளும் யோக்கியம் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

சிஸ்டர், கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளிக்காரர். மைசூரில் நர்சிங் படித்து, அங்கேயே எங்கள் மருத்துவமனையில் சேர்ந்து, ஓ.பி.யின் தலைமை நர்ஸாக ஓய்வு பெற்றவர். கொரோனாவுக்கு முன்பு மாதம் ஒருமுறை எங்கள் வேன் கொள்ளேகால் தாண்டி ஹனூர், மார்டள்ளி பக்கம் மருத்துவ முகாமுக்குப் போகும். டாக்டராக நானும், எல்லாமாக அவரும். முதல் முகாமிலேயே எனக்கு அவர் மீது எரிச்சல் வந்தது. நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கூட வந்தவரிடம் போய் அவர் பேசிக்கொண்டிருந்தார். வரிசை நகரவே இல்லை. என்ன சிஸ்டர், கல்யாணப் பேச்சா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"சீக்காளி மருவாதிக்குப் பேசுவாங்க டாக்டர். ஒண்ணுமில்லைம்பாங்க. கூட இருக்கறவங்கதான் உள்ளதைச் சொல்லுவாங்க" என்றார்.

அன்றைக்கே நிரூபித்தார். நன்றாக இருக்கிறேன் என்று என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விவசாயி, ஒரு வாரமாகக் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் மூச்சு வாங்குகிறார் என்பதை அவருடைய மனைவிதான் சொன்னார். அதன்பின் நான் கிண்டல் செய்யவில்லை.

கொரோனா வந்தபோது வேன் நின்றது. பேருந்து நின்றது. ஓ.பி. கூடத்தில் நாற்காலிகளை எடுத்துவிட்டுக் கட்டில் போட்டோம். ஆக்சிஜன் சிலிண்டர் உருளும் சத்தம்தான் அந்த மாதங்களைப் பற்றி எனக்கு முதலில் ஞாபகம் வருவது. கொரோனா நோயாளிகளாவது எங்கள் கண்ணெதிரே இருந்தார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள்? இதயம் பலவீனமானவர்கள், சர்க்கரைக்காரர்கள், கிட்னி கெட்டவர்கள், எல்லோரும் அவரவர் வீட்டில் அடைபட்டிருந்தார்கள். மாத்திரைச் சீட்டை மூன்று மாதத்துக்கு ஒரேயடியாக எழுதிக் கொடுத்தோம். வாரம் மூன்று டயாலிசிஸ் செய்துகொண்டவர்களை இரண்டோடு சமாளிக்கச் சொன்னோம். வழக்கமான காலத்தில் செய்யத் துணியாததை எல்லாம் செய்தோம்.

அப்போதுதான் பிசியோதெரபி அறையில் ஒரு மேசை போட்டு மூன்று தொலைபேசிகளை வைத்தார்கள். சிஸ்டருக்குச் சர்க்கரை இருந்ததால் கொரோனா வார்டுக்கு அனுப்பாமல் அங்கே உட்கார வைத்தார்கள். அவர் பழைய உணவு அட்டவணைத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், கன்னடத்திலும் தமிழிலும் பத்துக் கேள்விகள் எழுதினார். ஒன்பது, எந்த மருத்துவமனையிலும் கேட்பவை. காய்ச்சல், மூச்சு, நெஞ்சுவலி, சிறுநீர், இப்படி. பத்தாவது, கேள்வியாகவே இல்லை. "பக்கத்தில் இருப்பவரிடம் போனைக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தார். அதன் கீழே பொடி எழுத்தில்: எப்படித் தூங்குகிறார், என்ன சாப்பிட்டார், காலை அழுத்தினால் குழி விழுகிறதா.

ஒரு நாள் மார்டள்ளியிலிருந்து பாக்கியம் என்ற பெண் பேசினார். அவர் கணவருக்கு இதயம் பலவீனம், எங்கள் நோயாளி. அவரோ போனில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லி முடித்திருந்தார். சிஸ்டர் போனைப் பாக்கியத்திடம் கொடுக்கச் சொன்னார். கணவரின் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் மேல் கட்டை விரலால் நன்றாக அழுத்திவிட்டு விரலை எடுக்கச் சொன்னார். "இப்ப உங்க பிள்ளைங்க பேரை ஒவ்வொண்ணாச் சொல்லுங்க கண்ணு. சொல்லி முடிக்கறப்போ குழி இருக்குதா, போயிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாக்கியம் நான்கு பிள்ளைகளின் பெயரைச் சொன்னார். பிறகு, "பேத்தி பேருங்கூடச் சொல்லியாச்சுங்க சிஸ்டர். குழி அப்படியேதானுங்க இருக்குது" என்றார். உடம்பில் நீர் கட்டியிருக்கிறது என்பதற்கு எனக்கு அதற்கு மேல் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினேன். ஹனூரிலிருந்து மைசூர் மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவந்த வண்டி திரும்பிப் போகும்போது மாத்திரை போய்ச் சேர்ந்தது. பத்து நாள் தினமும் பாக்கியம் அழுத்தினார், பிள்ளைகள் பெயரைச் சொன்னார். கடைசி நாட்களில் இரண்டாவது பிள்ளையின் பெயருக்குள் குழி மறைந்தது.

அந்த வருடம் நான் மனதார ஒப்புக்கொண்டேன். போனில் வைத்தியம் செய்ய முடியும். அதை நான் ஏளனம் செய்யவில்லை, இப்போதும் செய்ய மாட்டேன். மூன்று பேருந்து மாறி வந்து அரை நாள் காத்திருக்கும் ஒருவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால் அது பெரிய விஷயம்தான். ஆனால் மறுமுனையில் ஒரு கை வேண்டும். அதைக் கண்டுபிடித்தவர் சிஸ்டர்.

கொரோனா அடங்கியது. நிர்வாகத்துக்குத் தொலைபேசி ரொம்பப் பிடித்துவிட்டது. கூடம் வேண்டாம், வேன் வேண்டாம், டிரைவர் வேண்டாம். முகாமை மறுபடியும் தொடங்கவே இல்லை. கேட்டால், அதுதான் போன் இருக்கிறதே என்றார்கள். மூன்று தொலைபேசி இருந்த அறை கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அறையானது. காதில் ஹெட்போன் மாட்டிய ஊழியர்கள் வந்தார்கள். அவர்கள் நர்ஸ்கள் அல்ல. சிஸ்டரின் தாள் கணினித் திரைக்குப் போனது. போகும் வழியில் பத்தாவது உதிர்ந்தது.

தானாக உதிரவில்லை. அதற்கென்று ஒரு குழு கூடியது, அதில் நானும் இருந்தேன். பத்தாவது கேள்விக்கு நேரம் அதிகமாகிறது, ஓர் அழைப்பு இத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்றார் நிர்வாகி. நோயாளியின் அந்தரங்கம் கெடும் என்றார் இன்னொருவர். அந்தரங்கம் பற்றிய கவலை நியாயமானதுதான். கணவன் முன்னால் வாய் திறக்க முடியாத பெண்கள் எத்தனையோ பேர். ஆனால் சிஸ்டர் அதற்கும் வழி வைத்திருந்தார். முதலில் நோயாளியிடம் தனியாகப் பேசுவார், யாரிடம் கொடுக்கலாம் என்று அவரிடமே கேட்பார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். இதைக் கூட்டத்தில் நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஓ.பி.க்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பத்தாவதை நீக்கும் தீர்மானத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன்.

சிஸ்டர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "நான் போன்ல வைத்தியம் பண்ணலைங்க டாக்டர். இங்க இருந்துட்டு அவங்க வீட்டு ஆளோட கையை வாங்கி வெச்சுப் பாத்தேன். அதை எடுத்துட்டா வெறும் பேச்சுதான் மிச்சம்." நான் ஏதோ சமாதானம் சொன்னேன். பிறகு பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். சால்வை போர்த்தினோம். அன்று மாலை அந்தப் பழைய தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதை இழுப்பறையில் போட்டேன்.

போன சனிக்கிழமை முற்பகல், மைசூரில் பன்னிமண்டபம் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து சிஸ்டர் எங்கள் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். என் சொந்த எண் அவரிடம் இருந்தது. கூப்பிடவில்லை. தனக்கென்று டாக்டர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை மீதும் எனக்குக் கோபம்தான். மேல்வயிறு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றிருக்கிறார். எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்னார். வாயுத்தொல்லையாக இருக்கலாம் என்று மாத்திரை சொன்னோம். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் டாக்டர் பார்ப்பார் என்று நேரம் கொடுத்தோம். அவர் அன்று காலை ஆறரை மணிக்கு, காபி போடப் போன இடத்தில், அடுப்படியிலேயே போய்விட்டார்.

அன்று மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்தோணிசாமி அண்ணன் கூடத்தில் இருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படித் தூங்கினார் அண்ணா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை அன்றுதான், அப்போதுதான் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரியிலருந்தே படுக்கவே இல்லைங்க. படுத்தா மூச்சு முட்டுதுன்னு இந்தச் சேர்லயேதான் உக்காந்திருந்தா. ரவிக்கை நனையற அளவுக்கு வேர்த்துச்சு. கால் வீங்கிச் செருப்புக்குள்ள போகலை. அவ போன்ல பேசறப்போ நான் இங்கதானுங்க இருந்தேன். என்கிட்ட யாரும் கேக்கலைங்க."

அவர் இதைச் சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. நேரமாகிறது என்று நாங்கள் நீக்கிய கேள்வியின் நேரம் அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரும் என்பது மருத்துவம் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு நிமிடத்தைச் சனிக்கிழமை கேட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றே ஆம்புலன்ஸ் போயிருக்கும். நான் அவர் கட்டிலருகே நின்றிருப்பேன்.

மறுநாள் மார்டள்ளியில் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். குரலை வைத்துத்தான் பாக்கியம் என்று கண்டுகொண்டேன். அவர் கணவர் பக்கத்தில் நின்றார், இரண்டு காலில், திடமாக. அவரைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

திரும்பியதும் தொலைபேசி அறைக்குப் போய்ச் சனிக்கிழமைப் பதிவைப் போடச் சொன்னேன். எல்லா அழைப்புகளையும் பதிவு செய்கிறோம், தரத்துக்காகவாம். பேசிய ஊழியர் மீது குறை இல்லை, திரையில் இருந்ததைப் பொறுமையாகக் கேட்டார். மூச்சு வாங்குகிறதா என்றதற்கு, "கொஞ்சந்தாம்மா, பரவால்ல" என்கிறார் சிஸ்டர். முப்பது வருடம் நோயாளிகள் சொல்லும் இந்தப் பொய்யைப் பிடித்தவர், தன் முறை வந்ததும் அதையே சொல்கிறார். மரியாதைக்குப் பேசுகிறார். ஒன்பது கேள்வியும் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் குரல்: "அவ்வளவுதானாம்மா? வேற ஒண்ணும் கேக்கறதில்லையா?"

"அஷ்டே மேடம்" என்கிறார் ஊழியர் கன்னடத்தில். அவ்வளவுதான், மேடம்.

அவர் காத்திருந்திருக்கிறார். தானே எழுதிய வரிக்காக.

இழுப்பறையிலிருந்த தாளை எடுத்துத் தொலைபேசி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பத்தாவதைக் கேட்காமல் எந்த அழைப்பையும் முடிக்கக் கூடாது என்று ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறேன். கேட்கிறார்கள். யாருடைய அனுமதியில் ஒட்டினீர்கள் என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியிருக்கிறது. அன்று போட்ட என் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டேன். வேன் வேண்டும் என்று தனியாக ஒரு கடிதமும் எழுதியிருக்கிறேன். அவரை நேசித்தவர்கள் மலர் வைத்தது போதும், அந்தக் கடிதத்தில் உங்கள் பெயரையும் சேர்க்க வாருங்கள்.

சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பத்தாவது வரி ஒன்றைத்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் பதிவில் கேட்ட அவர் குரலுக்குத்தான் பதில் சொல்கிறேன்.

அவ்வளவுதான் இல்லை சிஸ்டர். இன்னும் ஒன்று இருக்கிறது. அண்ணனிடம் போனைக் கொடுங்கள்.