என் விரல்களுக்காகக் காத்திருந்த முகூர்த்தம்

இந்த நாட்டில் எல்லாவற்றையும் திருக வேண்டியிருக்கிறது. கதவுக்குக் கைப்பிடி என்ற பெயரில் ஒரு பித்தளை உருண்டை. அதைத் திருகினால்தான் கதவு திறக்கும். குழாயைத் திருக வேண்டும், ஜாம் பாட்டிலைத் திருக வேண்டும், மாத்திரைப் புட்டியை அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். லண்டனுக்கு வந்து வருஷங்கள் ஆகியும் இதை நான் கவனித்ததில்லை. ஒரு மார்கழிக் காலையில் குளியலறைக்குள் போனவன் வெளியே வர முடியாமல், அந்த உருண்டையை இரண்டு கைகளாலும் ஏதோ பிரசாத லட்டைப் போலப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. அரியலூரில் எங்கள் வீட்டுக் கதவுக்கு நாதாங்கிதான். அதுவும் தளர்ந்துபோய், காலால் ஒரு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும். பழக்க தோஷத்தில் இங்கேயும் ஓர் உதை விட்டேன். கதவு அசையவில்லை, கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மாள்தான் ஓடி வந்தாள். வெளியிலிருந்து திறந்துவிட்டு, துண்டோடு நடுங்கிக்கொண்டிருந்த என்னை ஏற இறங்கப் பார்த்து, "நேற்று ராத்திரி பலமான விருந்தோ?" என்றாள். கை வரவில்லை என்று விளக்கினேன். "எல்லோருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒரு சொட்டுக் குடிக்காமல் குடிகாரன் பட்டம் வாங்கிய முதல் அரியலூர்க்காரன் நானாகத்தான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, படம் பிடித்து, கடைசியில் பெயர் சொன்னார்கள்: ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். நம்மூரில் முடக்குவாதம். அந்த இங்கிலீஷ் பெயரை டைப் அடிக்கவே நல்ல விரல்கள் பத்து வேண்டும். என் பிழைப்பே டைப் அடிப்பதுதான். அரியலூர் கடைத்தெருவில் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பாஸ் பண்ணியவன் நான். நான் அடிக்கிற வேகத்தில் கீழே மளிகைக் கடைக்காரர் மழை வந்துவிட்டதென்று வெளியே வைத்த மிளகாய் மூட்டையை உள்ளே இழுத்ததாக ஒரு கதை உண்டு. கதையைக் கட்டிவிட்டதும் நான்தான். அந்த விரல்களை நம்பித்தான் மதராஸில் ஒரு தேயிலைக் கம்பெனி வேலை கொடுத்தது. பிறகு லண்டன் ஆபீசுக்கும் அனுப்பியது. வேறு சொத்து எதையும் நான் கொண்டு வரவில்லை.

டாக்டர் நல்ல மனுஷர். இது அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார். அதற்கு வாரம் ஒரு தங்க ஊசி. உண்மையாகவே தங்கம், மருந்தாகக் கரைத்துச் சதையில் போடுகிறார்கள். பலன் தெரியச் சில மாதம் ஆகும். "எத்தனை காரட் டாக்டர்?" என்று கேட்டேன். நகைச்சுவை என்று புரியாமல் அவர் நர்சைக் கூப்பிட்டுப் புட்டியைப் பார்க்கச் சொன்னார். கைப்பயிற்சிக்கென்று இருந்த இன்னொரு அம்மாள், சின்ன மூட்டுகளுக்கு வேலை கொடுக்காதே, பாரத்தை முன்கையில் வாங்கு என்று ஒரு வாணலியை அணைத்துத் தூக்கக் கற்றுக்கொடுத்தாள். நான் அதைக் குழந்தையைப் போல் ஏந்திக்கொண்டு வார்டெல்லாம் நடந்தேன். காலை வேளைதான் மோசம். எழுந்ததும் விரல்கள் மரக்கட்டை. மெல்ல மெல்ல இளகி, ஒன்பதரைக்கு மேல்தான் மடங்கும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா எழுதினாள். அக்காவைக் கொடுத்திருந்தது பெரம்பலூர்ப் பக்கம் குரும்பலூரில். ஒன்பது வருஷம் குழந்தையில்லாமல் இருந்து, அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பெண் குழந்தை. அந்தக் கோயிலிலேயே காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தானே குத்த வேண்டும்? அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான் ஒருவன்தான். புதன்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம் என்று எழுதியிருந்தாள். என் விரல்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம்.

ஊர் விட்டு வந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 'இங்கு யாவரும் நலம்' என்று எழுதிப் பழகிய கை, அதற்கு மாறாக எழுத மறுக்கும். நானும் உண்மையில் கால்வாசியைத்தான் எழுதினேன்: உடம்பில் சத்துக் குறைவாம், தங்க ஊசி போடுகிறார்கள், கவலைப்படாதே. சத்துக் குறைவு என்பதை யாரும் படிக்கவில்லை. தங்கம் என்பதை மட்டும் குரும்பலூர் முழுக்கப் படித்துவிட்டது.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, வழக்கப்படி அக்கா குடும்பத்தை நேரில் அழைக்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறினேன். லண்டன் பாதாள ரயிலில் மேலே தொங்கும் பிடியைப் பிடிக்காவிட்டால் அடுத்தவர் மடியில்தான் போய் விழ வேண்டும். இந்த விரல்களோடு அப்படி இரண்டு மடிகளில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். பெரம்பலூர் பஸ்ஸில் எதையும் பிடிக்கவில்லை. விழ இடம் இருந்தால்தானே? முன்னால் ஒரு வேப்பந்தட்டைக்காரர், பின்னால் ஒரு சோள மூட்டை, பக்கவாட்டில் ஒரு கல்யாணக் கோஷ்டி. மாதக்கணக்கில் அவ்வளவு சுகமாக நான் நின்றதில்லை.

அக்கா வீட்டில் இலை போட்டார்கள். பருப்பும் நெய்யும் பிசைய விரல்கள் ஒத்துழைக்காது என்று தெரிந்து, லண்டனில் கொடுத்த தடித்த பிடி வைத்த கரண்டியைப் பையிலிருந்து எடுத்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்காவின் மாமியார், என்னிடம் பேசாமல், ஊருக்கே கேட்கும்படி அக்காவிடம் பேசினார்.

"ஏன்டி, ஒந்தம்பிக்கு நம்ம வூட்டுச் சோத்தத் தொடக் கை கூசுதா?"

"அங்க அப்படிப் பழகிருச்சுங்க அத்தை" என்றாள் அக்கா.

"பழகும் பழகும். ஒடம்புல தங்கம் ஓடுதுல்ல."

அத்தான் சமாதானமாக, "மாப்ளே, பெட்டிய நீங்க தூக்காம கண்டக்டரத் தூக்கச் சொன்னீங்களாமே? ஊருல பேசிக்கிறாங்க" என்றார். பெட்டியைத் தூக்க முடியாது என்று சொல்வதைவிட தொரையாகவே இருந்துவிடலாம் என்று பட்டது. சிரித்து வைத்தேன். வியாதிக்காரனைவிட திமிர் பிடித்தவனுக்கு ஊரில் மரியாதை அதிகம்.

சிரிப்புக்குள்ளே பயம் இருந்தது. காதுகுத்தும்போது தாய்மாமன் குழந்தையின் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். என் மருமகளோ கையில் பிடித்தால் விரால் மீன். நான் பிடி நழுவவிட்டால் ஊசி எங்கே போகும்? பிடிக்க முடியாதென்று சொன்னாலோ, ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மடியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு மாமியார் அக்காவை ஆயுசு முழுக்கச் சொல்லிக் காட்ட அது போதும்.

முதல் நாளே எல்லோரும் அரியலூரில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். புதன்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து, கொல்லையில் வெந்நீர் அண்டாவுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். குழந்தையின் பாவாடையை உலர்த்த வந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"என்னடா பண்ற?"

"ஊற வெக்கிறேன்க்கா. இட்டிலிக்கு அரிசி ஊற வெக்கறதில்ல?"

"வெளையாடாத. வெளிய எடு."

எடுத்தேன். கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"மடக்கு பாப்போம்."

மடங்கவில்லை. அவள் துணிக்கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "சத்துக் கொறச்சலுன்னு எழுதுன?"

"வெரலுக்குச் சத்து கொறச்சல்."

"இது போயிருமா?"

"போவாதாம். ஆனா அடங்குமாம். இப்பவே முன்ன விட தேவல. முன்னல்லாம் பகல் முழுக்க இப்படியே இருக்கும்."

அவள் கையிலிருந்த பாவாடையை மறுபடியும் பிழிந்தாள். நான்தான் சொன்னேன், "அண்ணன் மடியில வெச்சுக் குத்திரலாம்க்கா. அவரும் மாமன் மொறைதானே?"

"எத்தன மணிக்கு மடங்கும்?"

"ஒம்பதரை ஆவும்."

"ஒம்பது வருசம் காத்தவ நானு. ஒம்பதரை வரைக்கும் காக்க மாட்டனா?" என்று முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ஏதோ தந்திரம் செய்து நேரத்தைக் கடத்தப்போகிறாள், குழந்தை தூங்குகிறது என்பாள், பால் குடிக்கிறது என்பாள் என்று நினைத்தேன். அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. கல்லங்குறிச்சியில் சொந்தபந்தம் கூடி, மாலை வந்து, காது குத்தும் நகைப் பத்தர் தம் தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துவிட்டார். மாமியார், "நல்ல நேரம் போவுது, மாமன ஒக்காரச் சொல்லு" என்றார். அக்கா அத்தனை பேருக்கு முன்னாலும் சாதாரணமாகச் சொன்னாள்:

"தாய்மாமன் கை இன்னம் எந்திரிக்கலைங்க அத்தை. எமகண்டம் கழிஞ்சு ஒம்பதரைக்கு மேல வெச்சுக்குவோம்."

அருகில் ஒரு தூண் இருந்தது. அதற்குள் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். மாமியார் விடுவிடுவென்று வந்து என் வலது கையைத் தூக்கி, கத்தரிக்காய் வாங்குகிறவரைப் போல ஒரு கணுவை அமுக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் பறந்தன.

"இதுக்குத்தானா அந்தக் கரண்டி?"

"ஆமாங்க."

"அத சொல்லித் தொலைக்கறதுக்கு என்னங்க தம்பி? இந்த நாலு நாளா தெருத்தெருவா ஒங்கள ஏசிட்டுத் திரியறேன். இப்ப அத்தன வூட்டுக்கும் போயி மாத்திச் சொல்லணும் பாருங்க!"

அவ்வளவுதான். யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. தாய்மாமன் வந்து உட்காராமல் காது குத்த முடியாது. மாமன் கோபித்துக்கொண்டு சாயங்காலம்வரை காக்க வைத்த வீடுகள் உண்டு. மாமனின் கோபத்துக்குக் காத்திருந்து பழகிய சனம், அவனுடைய விரல்களுக்குக் காத்திருக்காதா? ஒன்பதரைக்கு மேல் பேஷாகச் செய்யலாம் என்று பட்டாச்சாரியாரும் சொல்லிவிட்டார். விருந்தை முதலில் போட்டார்கள். நான் கரண்டியால் சாப்பிட்டேன். மாமியாரே அதைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு வைத்தியம். முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கச் சொன்னார் ஒருவர். செங்கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார் ஒருவர். செங்கல் சூடு என்பவருக்கும் தவிட்டுச் சூடு என்பவருக்கும் சண்டையே வந்தது. லண்டன் ஆஸ்பத்திரியில் நான்கு பேர் ஒரு வரிசையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். பக்கத்து ஆளின் வலி என்னவென்று கேட்பது அங்கே அநாகரிகம். இங்கே என் கணுக்களைப் பார்க்க வரிசை நின்றது. எது நல்லது என்று சொல்லத் தெரியவில்லை. ஊசி அங்கே போட்டுக்கொண்டு, காத்திருக்கிற நேரத்தை இங்கே கழிக்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

பத்தர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மடியிலிருந்து உரைகல்லை எடுத்தார். "தம்பி, கொஞ்சம் வெரலக் காட்டுங்க. ஒரசிப் பாத்துருவோம். வெள்ளக்காரன் செம்பு கிம்பு கலந்துட்டானோ என்னமோ."

"ஒரசுங்க. சேதாரம் போட மாட்டீங்கல்ல?" என்றேன். கூட்டம் சிரித்தது. வியாதி வந்த நாளிலிருந்து அதைப் பற்றி நான் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பதரை தாண்டியது. விரல்களை மடக்கிப் பார்த்தேன், முக்கால்வாசி மடங்கின. மனையில் உட்கார்ந்ததும் அக்கா குழந்தையை மடியில் வைத்தாள். விரல்களை நம்பாமல், வாணலி தூக்கிய வித்தையைச் செய்தேன். ஒரு முன்கையால் அவள் உடம்பையும் கைகளையும் சேர்த்து அணைத்து, மறு முன்கைக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். விரால் மீன் திமிறிப் பார்த்தது. நழுவவில்லை. பத்தர் ஒரு காதைக் குத்தியதும் குழந்தை வீலென்று அலறி, ஒரு காலை விடுவித்து, என் இடது கை நடுவிரல் கணுவில் குறிபார்த்து ஓர் உதை விட்டாள். நான் அவளைவிடப் பெரிதாக அலறினேன். அலறினேனே தவிர விடவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு, இவன் ஏன் அழுகிறான் என்று அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். அந்த ஒரு நொடியில் பத்தர் அடுத்த காதையும் குத்தி முடித்திருந்தார்.

"யாருக்குய்யா காது குத்துச்சு?" என்றார் அத்தான். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

லண்டனுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சூப்பர்வைசரிடம் போனேன். அதுவரை வேலை போய்விடும் என்று பயந்து, காலையில் தப்பும் தவறுமாக அடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒளிந்திருந்து திருத்திக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு வர அனுமதி வேண்டும் என்று கேட்டு, நோயின் பெயரைச் சொல்லி, எங்கள் ஊரில் இதற்காக ஒரு கோயில் சடங்கையே தள்ளி வைத்தார்கள் என்றும் சொன்னேன். அவர் காதில் கோயிலும் சடங்கும் மட்டும்தான் நின்றன போலிருக்கிறது. "எல்லா மத வழக்கங்களையும் இந்த ஆபீஸ் மதிக்கிறது" என்று எழுந்து கைகுலுக்கினார். வலியில் என் கண்ணில் நீர் வந்தது. பக்தி என்று எடுத்துக்கொண்டார். இது சடங்கல்ல, வியாதி என்று மூன்று முறை அவரைத் திருத்திப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்கிறார். வெட்கப்படுவதை நானும் நிறுத்திவிட்டேன். பத்து மணிக்குப் போகிறேன். மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கிறேன். பதினொரு மணிக்கு மேல் நானும் கொஞ்சம் அடிக்கிறேன். தங்கம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்கிறார் டாக்டர்.

இப்போதெல்லாம் ஒன்பதரை மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து விரல்கள் திறக்கக் காத்திருக்கிறேன். வெளியே பனி. இங்கே ஒன்பதரை என்றால் குரும்பலூரில் மத்தியானம் மூன்று மணி. அங்கே என் மருமகள் உள்ளங்கைகளை இறுக மூடிக்கொண்டு பகல் தூக்கம் தூங்கி, எழுகிற நேரம். கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று நான் இங்கே ஒவ்வொன்றாகப் பிரிக்கிறேன்; அவளும் அங்கே அப்படித்தான் பிரித்துக்கொண்டிருப்பாள். நான்கு கைகளில் இரண்டு வெயிலில், இரண்டு பனியில்.