நாற்பதும் தப்பு

கல்வி உளவியலில் முனைவர் பட்டத்துக்குப் பகுதி நேரமாகப் பதிவு செய்து இரண்டாம் வருடம். இராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டே, கடற்கரை ஊர்களின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரும் தேர்வு பயத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதற்காக ஆங்கிலத்திலிருந்த ஒரு வினாநிரலைத் தமிழாக்கியிருந்தேன். நாற்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். நிபுணர்கள் இரண்டு பேர் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகளிடம் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி.

அதற்கு மாரியூர்ப் பள்ளியில் அனுமதி கிடைத்தது. ஜெராக்ஸ் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சாயல்குடி பஸ்ஸில் போனேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தலைமை ஆசிரியர் என்னை வகுப்புக்குக் கூட்டிப்போய், "இவுக டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாக. சொல்றதக் கேட்டு ஒழுங்கா நடந்துக்கிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் என்ற வார்த்தை மட்டும் பிள்ளைகள் காதில் விழுந்திருக்கிறது. முதல் வரிசை முழுக்கக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது.

"ஊசி போடுவீகளா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அந்த டாக்டர் இல்லம்மா. எழுத்து வேலை மட்டுந்தான்."

தாள்களைக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் அமைதி. பிறகு மூன்றாவது பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட பெண் எழுந்தாள்.

"டீச்சர், ஏழாவதுல ஒரு சந்தேகம்."

ஏழாவது வாக்கியம், 'தேர்வு அறையில் என் வயிற்றில் பட்டாம்பூச்சிகள் பறக்கின்றன' என்பது. பதற்றத்துக்கு ஆங்கிலத்தில் சொல்வதை அப்படியே தமிழாக்கியிருந்தேன்.

"என்ன சந்தேகம்?"

"பட்டாம்பூச்சி எப்படி டீச்சர் உள்ள போச்சு?"

அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். பின்னாலிருந்து ஒருவன், "வாயத் தொறந்துக்கிட்டே தூங்கியிருப்பாக" என்றான். வகுப்பே சிரித்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, அடுத்ததைப் பார்க்கச் சொன்னேன். எட்டாவது, 'வினாத்தாளைப் பார்த்ததும் என் மனம் வெள்ளைத் தாளாகிறது.'

"வெள்ளத் தாள் வேணும்னா கேட்டாக் குடுப்பாகளே டீச்சர்" என்றாள் அதே பெண்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஆராய்ச்சியாளர் என்ற கெத்தெல்லாம் போய், மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து அவர்கள் சிரிக்க, அவர்களைப் பார்த்து நான் சிரிக்க, அடங்கவே வெகுநேரம் ஆனது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, தாளைத் திருப்பி வைங்க. பரீட்சையன்னைக்கு உங்களுக்கு என்னதான் செய்யும்? நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"வயித்தக் கலக்கும் டீச்சர்."

"கை வேர்த்துப் பேனா வழுக்கும்."

"ஒண்ணுக்கு வர்ற மாதிரியே இருக்கும். போனா வராது."

இதற்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு. அது ஓய்ந்ததும், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்: "படிச்சதெல்லாம் மறந்துரும் டீச்சர். பக்கத்துல உள்ளவ எழுதுற சத்தம் மட்டும் கேக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பலர் தலையாட்டினார்கள். என் நாற்பது வாக்கியங்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் வராது. வினாநிரல்களின் பின்பக்கத்தில் வேகவேகமாக எழுதிக்கொண்டேன். மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியரும் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "ஆய்வுக்கு ஆபீசர் வாராகன்னா எனக்கும் வயித்தக் கலக்கத்தான் செய்யுது" என்று என் காதருகே சொல்லிவிட்டுப் போனார்.

சாயல்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று மதுரையிலிருந்த என் நெறியாளருக்குப் போன் செய்தேன். கண்டிப்பான அம்மா. நடந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு நிபுணர்கள் கையெழுத்துப் போட்ட வினாநிரல்மா அது."

"ஆமா மேடம். பிள்ளைக போடல."

"அவங்க சொன்னதுல ஒண்ணு படி" என்றார். பக்கத்துப் பெண் எழுதும் சத்தத்தைப் படித்தேன்.

"இத முதல் வாக்கியமா வை" என்றார். "முழுசையும் புதுசா எழுது. திரும்ப நிபுணர்கிட்டப் போகணும், வேலை பல மாசம் தள்ளிப்போகும். பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று நான் சொன்ன வேகத்தில் அவரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர், "போன காரியம் என்னாச்சு?" என்று கேட்டார்.

"நாப்பதும் தப்பு" என்றேன், வாயெல்லாம் பல்லாக. "எல்லாத்தையும் மொதல்லருந்து எழுதணும்."

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "வெயில்ல நின்னியா? மொத மோரக் குடி."

புது வினாநிரல் முடிய அந்த வருடம் முழுதும் ஆனது. திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில்தான் அதை முதலில் கொடுத்தேன். பிள்ளைகள் குனிந்தவர்கள் நிமிரவே இல்லை. ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை. நாற்பதாவது வரை மளமளவென்று கட்டங்களை நிரப்பிக்கொண்டே போனார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்க உட்கார்ந்திருந்தேன்.

வகுப்பாசிரியை நான் அழுவதாக நினைத்து ஓடிவந்து, என் முன்னால் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் அதை வாங்கி மடமடவென்று குடித்தேன். புரையேறிவிட்டது.