ரயில் கண்ணாடிக்குப் பின்னால் அண்ணன்

போன வருஷம், நல்ல வெயில் அடித்த ஒரு மத்தியானம், சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் கணவருக்கு டி-செல் லிம்ஃபோமா. ரத்தப் புற்றுநோயில் வேகமாகப் பரவும் ரகம். கீமோ எடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, எதிரே ஓடும் எல்ஆர்டி ரயிலையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் அடுக்குமாடி ப்ளாக்கை நெருங்கும்போது அந்த ரயிலின் கண்ணாடி தானாகவே வெள்ளையாகிவிடும், பயணிகள் வீடுகளுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று. உள்ளே இருப்பவர்கள் நமக்கும் தெரியமாட்டார்கள்.

அன்று ஒரு ரயில் கடந்தபோது, "அண்ணன் போறாரு, பாரு" என்றார். பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. அவருடைய அண்ணன் கோவிட் சமயத்திலேயே ஊரில் இறந்துவிட்டார். இவரால் போகக்கூட முடியவில்லை. அடுத்த ரயிலிலும் பார்த்தார். "சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்காரு. நீயாவது சொல்லக் கூடாதா?" என்று என்மேல் கோபம் வேறு.

ஜாலான் புசாரிலிருந்து அவரைப் பார்க்க வந்திருந்த என் நாத்தனார் அதைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் இறந்தபோது ஊரில் இருந்தவர் அவர்தான். குளிப்பாட்டிச் சட்டை போட்டவர்கள் அவசரத்தில் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டார்களாம். இதை அவர் யாரிடமும் சொன்னதே இல்லையாம்.

"கூட்டிட்டுப் போக வந்துட்டாரும்மா. இனிமே ஊசி மருந்துன்னு அவனைப் படுத்தாதே" என்றவர், பாலைக் காய்ச்சி டம்ளரும் ஸ்பூனுமாக வந்து நின்றார். சாகக் கிடப்பவர் வாயில் ஊற்றுகிற பால். அந்த ஸ்பூனை நானும் கையில் வாங்கிவிட்டேன்.

அதற்குள் என் கணவர் "தண்ணி" என்றார். காலையிலிருந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்துக்கொண்டே இருந்தார். போகிற மனுஷனுக்கு இவ்வளவு தாகமா? ஸ்பூனை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்தேன். எடுத்தது ஒரு தமிழ் நர்ஸ். தாகமா, அடிக்கடி பாத்ரூம் போறாரா, மலச்சிக்கலா, பகலெல்லாம் தூக்கமா என்று கூட இருந்து பார்த்தவர் மாதிரி கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். "அக்கா, யோசிக்காதீங்க லா, உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!"

ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இந்த நோய் அதை எலும்பிலிருந்து இழுத்துவிடுமாம். அதில் மூளை குழம்பும், கவனிக்காமல் விட்டால் உயிரே போய்விடும் என்றார்கள். டிரிப்ஸும் ஊசியும் ஏற, சில நாளில் தெளிந்துவிட்டார். ஆனால் டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்து, இந்தத் தடவை கால்சியத்தை இறக்கிவிட்டோம், நோய் மறுபடி ஏற்றும், வருஷக் கணக்கில் நினைக்காதீர்கள், மாதங்கள்தான் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

அவருக்கோ அன்று நடந்தது எதுவுமே நினைவில்லை. பொத்தான் விஷயத்தைச் சொன்னபோது சிரித்தார். "அண்ணனைக் கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்லு. தேக்கா மார்க்கெட்டுல ஒரு பிரியாணி பாக்கி இருக்கு." போய்ச் சாப்பிட்டோம். தீபாவளி விளக்குகளைப் பார்க்க லிட்டில் இந்தியா முழுக்க மெதுவாகச் சுற்றினோம். பொங்கலுக்கு அவர் இல்லை. கடைசியாக அவருக்குச் சட்டை போட்டபோது, யாரையும் தொடவிடாமல் பொத்தான்களை நானே ஒவ்வொன்றாகப் பார்த்துப் போட்டேன்.

வேலை முடிந்து ரயிலில் வரும்போது, எங்கள் ப்ளாக் பக்கம் கண்ணாடி வெள்ளையாகும். உடனே தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். அந்தப் பக்கம் எங்கள் ஜன்னலோர நாற்காலி காலியாகத்தான் இருக்கும் என்று தெரியும், இருந்தாலும் பயம். அன்று வந்தது அண்ணனா, கால்சியமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஸ்பூனைக் கீழே வைத்ததால் எங்களுக்கு ஒரு தீபாவளி கிடைத்தது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.