ஐந்தா, நாற்பதா?

"முதல்ல காட்டினது தெளிவா, இப்பக் காட்டறதா?"

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், விளக்கைத் தணித்த அரையிருட்டில், இன்றைக்கு இது முப்பதாவது தடவையோ நாற்பதாவது தடவையோ. எதிரே உயரமான நாற்காலியில் ஒரு பஸ் ஓட்டுநர். அவர் மூக்கின்மேல், லென்ஸ் மாற்றி மாற்றிச் செருகும் கனமான பரிசோதனைச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

"ரெண்டாவது" என்கிறார் ஓட்டுநர்.

"அவசரமில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. தெளிவா இருக்கா, இல்ல எழுத்து கறுப்பா மட்டும் தெரியுதா?"

ஓட்டுநர் எழுத்துப் பலகையை இன்னொரு தடவை உற்றுப் பார்க்கிறார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

லென்ஸ்காரர் (பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ளவர்கள் வைத்த பெயர் அதுதான்) இருபத்திரண்டு வருஷத் தொழிலில் கண்டுகொண்ட பெரிய விஷயம் இது. கிட்டப்பார்வைக்காரருக்குத் தேவைக்குமேல் கொஞ்சம் பவரை ஏற்றிக் காட்டினால், எழுத்து சிறுத்து, கறுத்து, மிடுக்காக நிற்கும். பார்ப்பவர் சொக்கிப்போய் "இதுதான், இதேதான்" என்பார். அதை நம்பிக் கண்ணாடி செய்து கொடுத்தால், மூன்றாம் நாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். ஆகவே லென்ஸ்காரர் யாருடைய முதல் பதிலையும் நம்புவதில்லை. சந்தேகம் முற்றினால் லென்சை உருவி, அதே லென்சை மறுபடி செருகி, ஒன்றும் அறியாத முகத்தோடு "இப்ப?" என்பார். "ஆகா, இப்பத்தான் பளிச்சுனு இருக்கு" என்பவர்கள் பத்தில் ஆறு பேர். அவர்கள்மேல் அவருக்குக் கோபமில்லை. "பாவம், நம்மளைச் சந்தோஷப்படுத்தணும்னு நினைக்கிறாங்க."

ஆட்களைப் பெயரால் நினைவில் வைக்க அவருக்கு வராது. "நேத்து மைனஸ் நாலரையைப் பார்த்தேன், ரொம்ப இளைச்சுட்டார்" என்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டித் திருப்புளி. பேச்சின் நடுவே எதிராளியின் மூக்குக்கண்ணாடியைக் கேட்காமலே கழற்றி, தளர்ந்த காதுக்கொக்கியை முறுக்கி, துடைத்து, மாட்டிவிட்டு, விட்ட வார்த்தையிலிருந்து பேச்சைத் தொடர்வார்.

ஊரார் கண்ணுக்கெல்லாம் முடிவு சொல்லும் மனிதர், தனக்கென்று ஒன்று தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் தத்தளித்துப் போவார். பல் துலக்கும் பிரஷ் வாங்கப் போய், கடையின் கதவை இழுத்து மூடும்வரை நின்று, வெறுங்கையோடு வீடு திரும்பியிருக்கிறார். அவர் மனைவி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். வீட்டில் உப்பு கேட்டாலும் ஏழாம் நடைமேடைவரை கேட்கும் குரல்.

"என்னைக் கட்டிக்க மட்டும் எப்படிங்க சட்டுனு முடிவெடுத்தீங்க?"

"நானா? நீதானே எடுத்தே."

இந்த மனிதர் பதினோரு வருஷமாக ஒரு நால்வர் இசைக்குழுவில் இரண்டாவது கிட்டார் வாசிக்கிறார். முதல் கிட்டார் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. பழுதாகி நிற்கும் லாரிகளைக் கட்டி இழுக்கும் வண்டியை ஓட்டுகிறவன். எதையும் இழுத்துவிடலாம் என்று நம்புகிறவன். டிரம்ஸ் அடிப்பவர் ரொட்டிக்கடைக்காரர். விடிந்ததிலிருந்து மாவை அறைந்து பழகிய கை. நாலாமவர், அடிச்சுரங்களுக்கான பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரர். இவர்களுக்கு நடுவில் லென்ஸ்காரரின் கிட்டார், பேரிரைச்சலான பஸ் நிலையத்தில் "கொஞ்சம் வழிவிடுங்க" என்று சொல்லிக்கொண்டு போகிற ஆள் மாதிரி.

போன மாதம் ஒரு நிகழ்ச்சி முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது மச்சான் கேட்டான்: "மாமா, நிசமாவே வாசிச்சீங்களா, இல்ல சும்மா கையை ஆட்டிக்கிட்டு நின்னீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். லென்ஸ்காரரும் சிரித்தார். ஆனால் வண்டியில் ஏறும்போது மச்சான் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பேஸ்காரர் கேக்கறாரு மாமா, நமக்கு ரெண்டாவது கிட்டார் எதுக்குன்னு. அடுத்து பஸ் பணிமனை மன்றத்துல இருநூறு பேர் முன்னாடி வாசிக்கப் போறோம். அங்கயும் உங்க வாசிப்பு யார் காதுலயும் விழலன்னா, நான் என்ன சொல்லித் தடுக்கறது?"

மறுநாள் கடையில் லென்ஸ்காரர் இரண்டு பேரின் மூக்குக்கண்ணாடியை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நடக்காத காரியம். கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பழைய ஆம்ப் வேறு பாட்டைவிட அதிகமாக இரைந்துகொண்டிருந்தது. புதிது வாங்கியே ஆக வேண்டும்.

வாத்தியக் கடையில் அவருக்காக இரண்டு ஆம்புகளை எடுத்து வைத்திருந்தார்கள். இரண்டும் வால்வு வகை. உள்ளே கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் செம்மஞ்சளாய்க் கனியும். ஒன்று ஐந்து வாட், கையில் தொங்கவிட்டு நடக்கலாம். இன்னொன்று நாற்பது வாட், மூலையில் வைத்தால் அலமாரி என்று நினைத்துத் துணியை அடுக்கிவிடுவார்கள்.

அடுத்த ஆறு மாலையும் லென்ஸ்காரர் அங்கேதான் நின்றார். பெரியதைத் தொட்டால் வீட்டின் மூன்று மாடிப் படிக்கட்டும் கீழ்வீட்டுக்காரர் கூரையை இடிக்கும் துடைப்பக்கட்டையும் நினைவுக்கு வந்தன. சின்னதைத் தொட்டால் ரொட்டிக்கடைக்காரரின் கை நினைவுக்கு வந்தது. தூங்கப் போகும்போது நாற்பது என்று தீர்மானமாயிருக்கும். காலையில் காப்பி ஆறுவதற்குள் ஐந்தாகிவிடும். இரண்டு பக்கமும் காரணங்கள் எழுதிய தாளை மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு கிழவி நோட்டம் விட்டு, "இது என் பவரா தம்பி?" என்று கேட்டாள்.

"சார், நாளைக்குள்ள சொல்லிடுங்க" என்றார் வாத்தியக் கடைக்காரம்மா. "ரெண்டுக்கும் ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அன்று வியாழன். சனிக்கிழமை நிகழ்ச்சி. மச்சான் வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். பின்னாலேயே, பணிநேரம் முடிந்து, சீருடையோடு மனைவியும் வந்தாள்.

"இன்னுமா மாமா? நகருங்க, நான் காட்டறேன்." மச்சான் ஐந்து வாட்டில் நாலு வரி வாசித்தான். பிறகு ஒயரை உருவி நாற்பதில் செருகினான். அதே நாலு வரி. ஜன்னல் அதிர்ந்தது. சுவரில் தொங்கிய கிட்டார்கள் எல்லாம் தாமாக முனகின. லென்ஸ்காரரின் தோள்கள் தளர்ந்தன, ஆறு நாள் பாரம் இறங்கினாற்போல.

"இதுதான்" என்றார். "இதேதான்பா."

"அப்பாடா! பில் போடுங்கம்மா."

முக்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி, தலையைத் தூக்காமலே, அந்த அறிவிப்புக் குரலில் கேட்டாள்:

"தெளிவா இருக்கா, இல்ல கறுப்பா மட்டும் இருக்கா?"

லென்ஸ்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காது நுனிவரை சிவந்துவிட்டது. கறுப்பைத் தெளிவென்று நம்புகிறவர்களை எத்தனை ஆயிரம் முறை திருத்தியிருப்பார்! அவர்களில் ஒருவராகத் தாமும் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறார், ஒரு வாரமாக.

"மச்சான், பெட்டியிலேர்ந்து கையை எடு" என்றார். அந்தக் குரலை மச்சான் அதற்குமுன் கேட்டதில்லை, கையை எடுத்துவிட்டான்.

பிறகு நடந்தது கண் பரிசோதனை அறையின் ஒழுங்கோடு நடந்தது. மனைவியின் போனில் சத்தத்தை அளந்து எண்ணாய்க் காட்டும் செயலி ஒன்று இருந்தது. சின்னதன் குமிழை முழுக்கத் திருகி, வந்த எண்ணைப் பார்த்தார். பெரியதன் குமிழை இறக்கி இறக்கி அதே எண்ணுக்குக் கொண்டுவந்தார். "சத்தம் சமமா இருக்கணும். ஒண்ணு பெரிசா கேட்டா, அதுதான் நல்லதுன்னு காது பொய் சொல்லும்." கடைக்காரம்மா ஒரு சுவிட்சுப் பெட்டி கொடுத்தார், ஒரு தட்டில் இதிலிருந்து அதற்கு மாறலாம். மச்சான் அதே நாலு வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். மனைவி சுவிட்சைத் தட்ட வேண்டும், எது எதென்று சொல்லக் கூடாது. லென்ஸ்காரர் சுவரைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றாள் மனைவி.

"ஒண்ணு."

"இப்ப?"

"ரெண்டு. இது வாசல்ல வந்து நின்னு பேசுது. இன்னொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு மரியாதையா பேசுது."

மனைவி மச்சானைப் பார்த்தாள். மச்சான் கடைக்காரம்மாவைப் பார்த்தான். இரண்டு தடவையும் சின்னது. வரிசையை மாற்றினாள், இடைவெளி விட்டாள், இருமினாள். மூன்று, நான்கு, ஐந்து. சின்னது, சின்னது, சின்னது. வாசலில் வண்டிக்குப் பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், யாரும் திரும்பவில்லை.

ஆறாவது முறை மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவிட்சின்மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. "இப்பச் சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?"

மச்சான் வாசித்து முடித்தான். லென்ஸ்காரர் தலையைச் சாய்த்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ரெண்டும் ஒண்ணுதான். இந்த வேலையை என்கிட்டயே காட்டறியா நீ?"

கடைக்காரம்மா கை தட்டிவிட்டார். மச்சான் மட்டும் விடவில்லை. "கடையில சரி மாமா. மேடையில ரொட்டிக்கடைக்காரர் அடிக்கிற அடிக்கு இந்த மிட்டாய் டப்பா என்னத்துக்கு ஆகும்?"

"மன்றத்துல மைக் இருக்கு, இதுக்கு முன்னாடி ஒண்ணை வெப்பாங்க. பின்ன, நீங்கள்லாம் ஆம்பைத் தரையில வெக்கறீங்க. நான் நாற்காலிமேல வெக்கப் போறேன். எனக்குக் காது முழங்கால்லயா இருக்கு?" லென்ஸ்காரர் பெரியதைத் தட்டிக்கொடுத்தார். "இது நல்ல சாமான்தான். ஆனா இதை முழுசாத் திறக்க எங்க விடுவாங்க? பாதித் தூக்கத்துலயே வெச்சு வாசிக்கணும். சின்னது முழுசா முழிச்சுக்கிட்டுப் பேசும்." பிறகு கடைக்காரம்மாவிடம் திரும்பி, மூச்சுகூட விடாமல் சொன்னார்: "சின்னது. கட்டிக் குடுங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள் மனைவி. "போன்ல பதிஞ்சு வெச்சுக்கறேன்."

சனிக்கிழமை பணிமனை மன்றத்தில் மெக்கானிக்குகளும் ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பங்களும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் ஒரு மடக்கு நாற்காலி. அதன்மேல் சற்றே பின்னுக்குச் சாய்த்து அந்தப் பெட்டி. அதன் முன்னால் ஒரு மைக். ரொட்டிக்கடைக்காரர் அதை எட்டிப் பார்த்து, "இதோட மிச்சம் எப்ப வருது?" என்று கேட்டார். பேஸ்காரர் பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று தன் கிட்டாருக்குச் சுருதி சேர்த்தார். அது இன்னும் மோசமாயிருந்தது.  

முதல் பாட்டின் முதல் தாளத்திலேயே ரொட்டிக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டாம் பாட்டில் பேஸ்காரர் மெல்ல நகர்ந்து லென்ஸ்காரரின் பக்கம் வந்து நின்றுகொண்டார், கேட்டு வாசிக்க வசதியாக. மூன்றாம் பாட்டின் நடுவில் லென்ஸ்காரர் தனியாக வாசிக்க ஒரு சுற்று உண்டு. பதினோரு வருஷமாக உண்டு. யார் காதிலும் விழுந்ததில்லை. இன்று அவர் மெதுவாகத் தொட்டபோது பெட்டி மெதுவாகப் பேசியது. அழுத்தித் தொட்டபோது குரல் கரகரத்து, உடைந்து, பொங்கியது. டிரம்சுக்கு மேலேறி, கடைசி வரிசையைத் தாண்டி, கதவருகே நின்று அரட்டையடித்துக்கொண்டிருந்தவர்களைப் போய்த் தொட்டது. அரட்டை நின்றது. யாரோ விசிலடித்தார்கள். மனைவி நாற்காலியின்மேல் ஏறி நின்று, ஏழு நடைமேடைக்கும் கேட்கிற குரலில், "அப்படித்தாங்க!" என்று கத்தினாள்.

சுற்று முடிந்தது. இனி மச்சானின் முறை; மன்றமே அதிர்கிற மாதிரி அவன் பாய வேண்டிய இடம். மச்சான் பாயவில்லை. கிட்டாரின் கழுத்தைப் பிடித்தபடி ஓரடி பின்வாங்கி, "இன்னொரு சுற்று போங்க மாமா" என்று தாடையால் காட்டினான்.

லென்ஸ்காரர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இனிக் காது போதும் என்பதுபோல மடித்து, ஆம்பின்மேல் வைத்தார். வாசிக்கத் தொடங்கினார்.