இரண்டு பல் குறைந்த உடுப்பு

என் வீட்டுக்காரர் டெல்மர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். எந்த வளைவிலும் அவசரப்பட மாட்டார். அவசரமெல்லாம் சாப்பாட்டு மேசையில்தான்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் க்ரோ மக்களின் வழக்கப்படி, மருமகளுக்கு எல்க் மான் பல் தைத்த உடுப்பு கொடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. ஒரு மானுக்குத் தந்தம் போன்ற பல் இரண்டே இரண்டுதான். சமவெளியில் மேய்ந்த எல்க்குகளை ஒரு காலத்தில் சுட்டுத் தீர்த்தார்கள், மிச்சம் மலையேறிவிட்டது. அப்போது எங்கள் பெண்கள் எலும்பைப் பல் போலச் செதுக்கித் தைத்தார்கள். "என் மருமகளுக்கு எலும்பு வேண்டாம்" என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். வருடக்கணக்கில் சேர்த்தும், மகன் கல்யாணம் நெருங்கியபோது இரண்டு பல் குறைந்தது.

செப்டம்பரில் ஆண் எல்க்குகள் துணை தேடிக் கூவும். இவர் ப்ரையர் மலைக்குப் போய், அதே மாதிரி கூவும் வேட்டைக் குழலை ஊதினார். எதிர்ச்சரிவிலிருந்து பதில் வந்தது. இவர் ஊத, அது ஊத, காலை முழுக்க இதே கச்சேரி. கடைசியில் ஊசியிலை மரங்களுக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. கூவும் பருவத்தில் ஆண் எல்க் தன் மேலேயே மூத்திரம் பெய்து சேற்றில் புரளும், தூரத்திலேயே குமட்டும். இங்கே ஒரு வாடையும் இல்லை. இவர் துப்பாக்கியைத் தாழ்த்தினார்.

"டேய், யாருடா அது?"

பழுப்புச் சட்டையும் குழலுமாக வெளியே வந்தது லோவெல். துப்பாக்கியைப் பார்த்தான், திரும்பி மலையிறங்கிப் போய்விட்டான்.

லோவெலின் அப்பாவும் இவர் அப்பாவும் ஒரே குலம். அப்படிப்பட்ட பிள்ளைகள் ஊர் முன்னால் ஒருவரை ஒருவர் கேலி செய்யலாம், கோபப்படக் கூடாது. லோவெல் அந்த உரிமையை ஒருநாளும் வீணாக்கியதில்லை. இவர் தொப்பையைப் பற்றி அவன் பேசாத கூட்டமே கிடையாது. மலையில் நடந்ததற்குப் பிறகோ கடையில் பார்த்தாலும் தலையை ஆட்டிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

வாடை வராததால்தான் சுடவில்லை என்று இவர் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார், சோறு மட்டும் இறங்கவில்லை. "திட்டினாக்கூடத் தேவல, மிர்னா. சும்மா போறானே."

"நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்களேன்."

"கேலி பண்ற உறவுடி அது. நான் போய்க் கையக் கட்டிட்டு நின்னா, அப்புறம் அவன் எப்படிக் கேலி பண்ணுவான்?"

எனக்கு எரிச்சல்தான். இரண்டு தடி ஆண்கள், இரண்டு வாய், ஒன்றும் திறக்கவில்லை.

கல்யாண விருந்தில் மருமகளுக்கு உடுப்பை அணிவித்தோம். மார்புப் பக்கம் இரண்டு பல் அளவுக்கு வெறும் துணி தெரிந்தது. அப்போது லோவெல் எழுந்து நடுவே வந்தான். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லோவெல் ஒரு தோல் பையிலிருந்து இரண்டு எல்க் பற்களை எடுத்து மருமகள் கையில் வைத்தான்.

"இதுக்குத்தாம்மா அன்னிக்கும் மலைக்குப் போனேன். நேத்துதான் கெடச்சுது." பிறகு கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "இந்தத் தொப்பையன் மோப்பம் புடிச்சுத்தான் வேட்டையாடுவானாம்! நல்லவேளை, அன்னிக்கு நான் குளிச்சிட்டுப் போனேன். இல்லேன்னா என் முன்பல்லு ரெண்டும் இந்நேரம் அந்த உடுப்புல தொங்கியிருக்கும்!"

ஊரே வெடித்துச் சிரித்தது. இவர் சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி சிரித்தார்.

அன்று என் தட்டிலிருந்த ரொட்டியையும் இவர்தான் தின்றார்.