கணையத்தைச் சுற்றி ஒரு சுவர்

"இன்னைக்கே வயித்தைக் கிழிச்சுக் கெட்டதை எடுக்கச் சொல்லி எங்க அண்ணே சண்டை போடுறாரு, டாக்டரம்மா. இல்லாட்டி வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேங்குறாரு. நான் என்ன செய்யட்டும்?"

சி.டி. அறை வாசலில் நின்று பாண்டிச்செல்வி கேட்டபோது, அவள் கணவர் மாரிமுத்துவின் ஸ்கேன் என் திரையில் இருந்தது. திருமங்கலத்தில் லோடு ஆட்டோ ஓட்டுபவர். பித்தப்பைக் கல் இறங்கிக் குழாயை அடைத்ததில் கணையம் வீங்கி, மதுரையில் நான் ரேடியாலஜிஸ்டாக இருந்த மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

கணைய அழற்சியை சி.டி.யில் இரண்டாகப் பிரிப்போம். வெறும் வீக்கம் என்றால் பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஊசியில் ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்து ரத்தத்தோடு போய்ச் சேராத இடம் இருந்தால், அங்கே திசு செத்துவிட்டது என்று அர்த்தம். அது நெக்ரோசிஸ். மாரிமுத்துவுக்கு இரண்டாவது வகை. கணையத்தின் நடுப்பகுதி கறுத்துக் கிடந்தது. சர்ஜன் காத்திருக்கச் சொல்லியிருந்தார். எதற்காக என்று இவளிடம் யாரும் சொல்லவில்லை.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைக் காட்டினேன்.

"வெள்ளையா இருக்கிற இடத்துல ரத்தம் ஓடுது. கறுப்பா இருக்கிறது செத்த பகுதி. சுத்தி நீர் தேங்கியிருக்கு. இப்பக் கத்தி வச்சா நல்ல இடமும் சேந்து கிழியும். கொஞ்சம் விட்டா, உடம்பே அதைச் சுத்தி ஒரு சுவர் எழுப்பும். அப்புறம் குழாய் வச்சு வடிச்சிரலாம்."

"எம்புட்டு நாளு ஆகும்?"

"ஒரு மாசம் போல."

"அதுவரைக்கும் அவரு தாங்குவாரா?"

"சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா இதுதான் நல்ல வழி."

திரையில் வெள்ளையாகத் தெரிந்த இடத்தை விரலால் தொட்டாள். "இம்புட்டு உசுரோட இருக்குல்ல," என்றாள். வெளியே போய் அண்ணனிடம், "நான் படத்தைப் பாத்துட்டேன். அவரு இங்கேயே இருக்கட்டும்ண்ணே," என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மாரிமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. ஆள் பாதியாகிவிட்டார். அடுத்த ஸ்கேன் முடிந்ததும் வாசலிலேயே கேட்டாள்: "சுவரு வந்துருச்சா?"

"பாதிதான் வந்திருக்கு."

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் நெற்றியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "பாதி வந்துருச்சாம்," என்று அவரிடம் சொன்னாள்.

மூன்றாவது ஸ்கேனில் சுவர் முழுதாகத் தெரிந்தது. எண்டோஸ்கோபி மூலம் இரைப்பை வழியாகக் குழாய் வைத்து வடித்தார்கள். மெல்லத் தேறினார்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அவள் தோளைப் பிடித்தபடி என்னைப் பார்க்க வந்தார்.

"சுவருன்னு இவ தெனமும் என்னமோ சொல்லுவா, டாக்டரம்மா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. இவ பயப்படலைன்னு மட்டும் வெளங்குச்சு. அது போதும்னு படுத்துக் கெடந்தேன்."

"பயம் இல்லாமயா," என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள் பாண்டிச்செல்வி.

புதிதாக ஸ்கேன் ரிப்போர்ட் எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்த வகை என்று எழுதுவது சர்ஜனுக்காக. எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை, வாசலில் நிற்பவரிடம் எழுந்துபோய்ச் சொல்லிவிடுங்கள்.