இரண்டு பச்சை, ஒரு சிவப்பு

படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைப் பதினெட்டு வருடம் புரட்டிப் போட்டவளுக்கு முதுகு போனதில் ஆச்சரியம் இல்லை. "இனிமே யாரையும் தூக்காதீங்கம்மா. மீறித் தூக்கினா உங்களைத் தூக்க நாலு பேர் வேணும்" என்றார் எலும்பு டாக்டர். அன்றோடு வார்டு வேலைக்கு முழுக்கு.

வழி காட்டியவன் தம்பி. கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன். வாயைத் திறந்தால் எதிர்காலம்தான் பேசுவான்.

"அக்கா, உட்கார்ந்த இடத்துல வேலை. படத்தைப் பார்க்கணும், பட்டனை அழுத்தணும். மூணு மாச முடிவுல ஸ்கோர் தொண்ணூறுக்குக் கீழே இல்லைன்னா நிரந்தரம். இனி சீழு, மலம் எதையும் தொட வேண்டாம்."

"அதைத் தொட்டதுல எனக்கென்னடா குறை? சோப்புப் போட்டா போச்சு" என்றாள். ஆனாலும் போனாள். முதுகு இருந்த இருப்பில் வேறு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

படங்கள் எல்லாம் படுக்கைப்புண். ஏதோ ஒரு கம்பெனி ஃபோனுக்குள் போடுகிற செயலி ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. வீட்டில் நோயாளி வைத்திருப்பவர் புண்ணைப் படம் எடுத்தால், ஆறுகிறது என்றால் பச்சை, கவனம் என்றால் மஞ்சள், டாக்டரிடம் ஓடு என்றால் சிவப்பு என்று ஃபோனே சொல்லிவிடும். அதற்கு முன்னால் மனிதர்கள் ஆயிரக்கணக்கான படங்களுக்கு நிறம் சொல்லி அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். நமக்குத் தெரிந்த சங்கதிதானே என்று தெம்பாகத்தான் போய் உட்கார்ந்தாள்.

முதல் நாளே குமட்டியது. புண்ணைப் பார்த்து அல்ல. ஹெட்போன் பஞ்சில் யாருடைய காது அழுக்கோ மஞ்சளாய் ஒட்டியிருந்தது. கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் ஒரு கைப்பிடி தூள், அதில் நகத்துண்டு வேறு. மேஜைக்கு அடியில் கை போன இடமெல்லாம் காய்ந்த சூயிங்கம். இத்தனைக்கும் மேலே எலுமிச்சை வாசனையை நிமிடத்துக்கு ஒரு தரம் பீச்சி அடிக்கிற பெட்டி. நாற்றத்தின் மேல் சென்ட் அடித்தால் இரண்டும் சேர்ந்து நாறும் என்று எந்த வார்டு ஆயாவைக் கேட்டாலும் சொல்வாள். மறுநாள் பழந்துணியும் ஒரு புட்டி ஸ்பிரிட்டும் கொண்டு வந்தாள். "நர்சக்கா" என்று பேர் விழுந்தது.

பக்கத்து நாற்காலிக்காரனுக்குப் புயல் என்று பட்டப்பெயர். படத்துக்கு நாலு நொடி. இடது கையில் சிப்ஸ், வலது கையில் மவுஸ், சில சமயம் கை மாறிவிடும்.

"இதைப் பார்த்துக்கிட்டே எப்படிப்பா உனக்கு உள்ளே இறங்குது?"

"நான் எங்கக்கா பார்க்கிறேன்? சிவப்பா இருந்தா சிவப்பு, இல்லன்னா பச்சை. ரத்தம் இல்லையா, போயிட்டே இரு."

அவள் பார்த்தாள். அதுதான் வினையானது. மூன்றாவது வாரம் ஒரு குதிகால் படம் வந்தது. சீழ் இல்லை, ரத்தம் இல்லை, காய்ந்த கறுப்புத் தோல் மட்டும் அப்பியிருந்தது. பார்க்கிறவனுக்குப் பொருக்கு தட்டி ஆறின மாதிரிதான் தெரியும். அடியில் சதை செத்துக் கிடக்கும், எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. ஆறிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் அந்தக் காலை மறுபடி மெத்தையில் ஊன்றி வைத்தால் கதை முடிந்தது. சிவப்பை அழுத்தினாள். திரையில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. தவறு.

அடுத்தடுத்த வாரங்களில் அதேபோல் நிறைய வந்தன. அத்தனைக்கும் தவறு. ஸ்கோர் எண்பத்து நாலுக்கு இறங்கியது. டீம் லீடர் கூப்பிட்டான். எந்நேரமும் சிரித்த முகம். யாரையாவது வேலையைவிட்டு அனுப்பும்போதும் அதே சிரிப்பு என்று கேள்வி.

"நர்சக்கா, ஒரு படத்தை மூணு பேர் பார்க்கிறாங்க. ரெண்டு பேர் எதைச் சொல்றாங்களோ அதுதான் சரி. நீங்க ஒண்டியா நிக்கறீங்க."

"அந்த ரெண்டு பேரும் தூங்கிட்டே அழுத்தினா?"

"தூங்கினாலும் ரெண்டு ரெண்டுதானேக்கா."

"செத்த சதை தம்பி அது. பச்சைன்னு சொன்னா காலையே வெட்ட வேண்டி வரும்."

"அதை டாக்டர் பார்த்துப்பார். நீங்க ஸ்கோரைப் பாருங்க. இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு."

வீட்டுக்கு வந்து முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே யோசித்தாள். யோசித்து என்ன கிழித்தாள்? மறுநாள் கறுப்புக் குதிகால் வந்ததும் பச்சையை அழுத்தினாள். அடுத்ததற்கும் பச்சை. புயல் எட்டிப் பார்த்து, "இப்பத்தான்கா உருப்பட்டீங்க" என்றான். எத்தனையோ வாந்தியை வாரிக் கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தவள் அவள். பதினெட்டு வருடத்தில் வேலையால் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டதில்லை. அன்று மதியம் டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடினாள். ஒரு வேலை செய்தாள்: பொய் சொன்ன படங்களின் எண்களைச் சிட்டையில் குறித்து வைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது. வார்டில் எது நடந்தாலும் எழுதி வைக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

ஸ்கோர் தொண்ணூற்றேழுக்கு ஏறியது. அந்த வாரத்தின் நட்சத்திரம் என்று அவளுக்குக் கைதட்டி ஒரு காப்பிக் கோப்பை கொடுத்தார்கள். அதற்குள் முன்பு பரிசு வாங்கியவனின் காப்பிக் கறை காயாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும், படங்களை அனுப்புகிற கம்பெனியின் டாக்டரம்மா திரையில் வருவார். தலையைச் சரியாக வாராத, தூக்கம் கெட்ட முகம். "ஏதாவது கேள்வி இருக்கா?" என்பார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்க வேண்டும். அதுதான் வழக்கம். அந்த வாரம் அவள் எழுந்து நின்றாள்.

"ஐம்பத்தேழு படத்துக்குப் பொய்யாப் பச்சை போட்டிருக்கேன், டாக்டர்."

டீம் லீடரின் சிரிப்பு அப்படியே உறைந்தது. "அக்கா தமாஷுக்கு..."

"தமாஷ் இல்லை. நம்பர் இருக்கு, திறந்து பாருங்க."

டாக்டரம்மா முதல் எண்ணைத் திறந்தார். படத்தையும் ஓரத்தில் இருந்த நிறங்களையும் பார்த்தார். "இதுக்கு மூணு பேருமே பச்சையா?"

"முன்னாடி நான் ஒருத்தி சிவப்பு போட்டுக்கிட்டிருந்தேன். தப்புன்னாங்க. இப்ப நானும் சேர்ந்துட்டதால ஒரு சந்தேகமும் வராது. சுத்தமா இருக்கும்."

"அந்தச் சிவப்பு எல்லாம் எங்கே?"

யாருக்கும் தெரியவில்லை. தவறு என்று ஒதுக்கியதை யார் எடுத்து வைக்கிறார்கள்?

சாயங்காலமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள், சிரித்துக்கொண்டேதான். தம்பி வந்து குதித்தான்.

"ஊரே பச்சைன்னா உனக்கு மட்டும் என்னக்கா? வாங்கிக் கொடுத்த நான்தான் இப்ப முட்டாள்!"

"அதுல உனக்குச் சந்தேகமே வேண்டாம்" என்றாள். முதுகு விட்டு விட்டு வலித்தது. நாளைக்கு என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை.

பதினோராம் நாள் டாக்டரம்மாவே கூப்பிட்டார். மூன்று பேரும் ஒத்துப்போகாத படங்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க ஆள் வேண்டும், வருகிறீர்களா?

"ஸ்கோர் உண்டா?"

"கிடையாது."

"ஒண்டியா சிவப்பு போட்டவங்க சொன்னது சரியா இருந்தா, அவங்களுக்கு வெட்டின ஸ்கோரைத் திருப்பித் தரணும். அதுக்குச் சரின்னா வர்றேன்."

டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். அதே கட்டடம்தான். அந்தக் கூடத்தில் அவளை உட்கார வைக்க டீம் லீடருக்கு மனசில்லை. கழிப்பறைச் சுவரை ஒட்டி ஒரு மேஜை போட்டுக் கொடுத்தான். எலுமிச்சைப் பெட்டி இங்கேயும் பீச்சியது. முதல் காரியமாக அதன் பேட்டரியைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மேஜையை இரண்டு தரம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். துணி கறுப்பாக வந்தது, மூன்றாம் தரமும் துடைத்தாள்.

தம்பி ஃபோனில், "வேலை பிடிச்சிருக்காக்கா?"

"நாத்தம் குடலைப் பிடுங்குது. தண்ணி ஊத்தத் தெரியாத படிச்ச பயலுக. வேலையைக் கேட்டியா? அது நல்லா இருக்கு. வை, படம் வந்திருக்கு."

ஒரு குதிகால். காய்ந்த கறுப்பு. ஓரத்தில் மூன்று பேர் போட்ட நிறம்: பச்சை, பச்சை, சிவப்பு. சிவப்பு போட்டது யாரென்று தெரியாது. எந்த ஊர் அறையிலோ ஒருத்திக்கு அன்றைக்கு ஸ்கோர் குறைந்திருக்கும். இவள் படத்தைப் பெரிதாக்கினாள். கறுப்பின் விளிம்பை, சுற்றியிருந்த தோலின் வீக்கத்தை நிதானமாகப் பார்த்தாள். நாலு நொடி இல்லை, நாலு நிமிடம் ஆனது.

சிவப்பை அழுத்தினாள். மணி ஒன்றாகியிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து, கழிப்பறைச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.